இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு

பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை நாளில் எங்கள் பள்ளிக்கூட வாசலில் ஒரு மேசை போடுவோம். சந்தனக் கிண்ணம், குங்குமம், ஒரு தட்டு நிறையக் கல்கண்டு, பன்னீர்ச் செம்பு எல்லாம் அதில் இருக்கும். புதிதாகப் பிள்ளை சேர்க்க வருகிற குடும்பங்களைக் கல்யாண வீட்டுக்கு வந்தவர்களைப் போல வரவேற்போம். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற அரசுப் பள்ளி அது. அரசுப் பள்ளிக்குப் பன்னீர் எதற்கு என்று முதல் வருடம் ஒரு சார் கேட்டார்.

"பிரைவேட் பள்ளிக்கூடத்தில ஏசி ரூம்ல உக்கார வச்சுப் பேசுதாவ சார். நம்மகிட்ட ஏசி இல்ல, பன்னீராவது தெளிப்போம்" என்று நான்தான் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். அந்த வழக்கம் அப்படியே நின்றுவிட்டது.

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். என் வீட்டுக்காரருக்கு ஐந்தருவி போகிற வழியில் பழக்கடை. சீசனில் ரம்புட்டானும் மங்குஸ்தானும், மற்ற நாளில் வாழைப்பழமும் சாத்துக்குடியும். பெற்றோர் குழுவுக்கு ஒரு தாய்தான் தலைவியாக இருக்க வேண்டும் என்றார்கள். கூட்டத்தில் இருந்த தாய்மார் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். குனியத் தோன்றாமல் உட்கார்ந்திருந்த நான் தலைவி ஆகிவிட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் என் வீட்டுக்காரர், "அப்போ இனிமே குழம்புல உப்பு இல்லன்னா தீர்மானம் போட்டுத்தான் கேக்கணுமோ?" என்றார்.

காலையில் குளித்து விளக்கேற்றாமல் நான் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. கிருத்திகை தவறாமல் இலஞ்சி முருகனைப் பார்ப்பேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. இப்படிப்பட்ட ஒருத்திதான் அந்தக் காரியத்தைச் செய்தாள் என்பது தெரியவேண்டும் என்றுதான் சொல்கிறேன். அந்த மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டு நான் ஒரு பிள்ளையின் படிப்பைத் திருப்பிவிட்டேன். மூன்று வருடமாகிறது. இதுவரை முழுதாக யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வருடம்தான் எங்கள் பள்ளிக்கு முதல் குரூப் வந்தது. கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல். அதோடு சாயங்காலம் மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சியும் பள்ளியிலேயே உண்டு என்று சொன்னார்கள். அதுவரை வரலாறு குரூப்பும் வணிகவியலும்தான். என் மகள் அந்த வருடம் பத்தாவது முடித்திருந்தாள். நர்ஸுக்குப் படிக்க வேண்டும் என்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை. பக்கத்தில் முதல் குரூப் வேறு எங்கே என்று பார்த்தால் எல்லாம் கட்டணப் பள்ளிகள். "நம்மால ஏலாதுட்டி" என்று அவள் அப்பா ஏற்கெனவே சொல்லிவிட்டார். ஆகவே இந்தப் புதுப் பிரிவு வந்தது முருகன் செயல் என்று நினைத்தேன். ஊர் ஊராகப் போய் நானே நோட்டீஸ் கொடுத்தேன்.

சேர்க்கையின் கடைசி நாள் மத்தியானம் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். "ஒரு ஆள் குறையுதும்மா. சாயங்காலத்துக்குள்ள லிஸ்ட் அனுப்பணும். ஒரு பிள்ளை வந்தாப் போதும். வரலன்னா இந்த வருஷம் பிரிவு கிடையாதுன்னு சொல்லிட்டாங்க."

அப்போது வெளியே சாரல் போட்டுக்கொண்டிருந்தது. நான் மேசைக்குப் போய் நின்றேன். பன்னீர்ச் செம்பில் பாதிக்குமேல் மழைத்தண்ணீர். யாராவது வரமாட்டார்களா என்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தபோது பஸ் ஸ்டாப்பிலிருந்து ஒரு பிள்ளை ஓடிவந்தாள். மழைக்கு ஒதுங்க ஓடுகிறவர்கள் தோளைக் குறுக்கிக்கொண்டு ஓடுவார்கள். இவள் நிமிர்ந்து ஓடினாள். செருப்பைக் கையில் பிடித்திருந்தாள். கால் தரையில் படுகிற சத்தம் ஒரே சீராக வந்தது. பின்னாலே அவள் அம்மாவும் அப்பாவும்.

"ஏட்டி, நில்லுட்டி! பள்ளிக்கூடம் என்ன பஸ்ஸா, பொறப்பட்டுப் போயிரும்னு ஓடுத?" என்று அம்மா கத்திக்கொண்டே வந்தாள்.

வீரகேரளம்புதூர்ப் பக்கத்துக் கிராமம் அவர்களுக்கு. அப்பாவுக்குப் புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் மூட்டை ஏற்றுகிற வேலை. அம்மா பீடி சுற்றுகிறாள். நான் சந்தனம் கொடுத்துப் பன்னீர் தெளித்தேன். அந்த அப்பா கூச்சத்தோடு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதெல்லாம் எங்களுக்கா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் எனக்குள் இருக்கிறது.

பிள்ளையின் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தேன். நல்ல மார்க்கு. விண்ணப்பத்தை எடுத்து, "முதல் குரூப் எழுதிருவமா?" என்றேன்.

"வேண்டாம்க்கா, வரலாறு குரூப் போதும்" என்றாள் அவள். "நான் பி.டி. டீச்சர் ஆகணும். எங்க பழைய ஸ்கூல் சார் சொன்னாவ, லேசான குரூப்பா எடுத்து பிராக்டிஸை விடாம இரு, மாவட்டத்துல ஜெயிச்ச சர்டிபிகேட் இருந்தா காலேஜ்ல சீட்டு கிடைக்கும்னு."

"ஓடுததுக்கு ஒரு படிப்பாட்டி?" என்றாள் அம்மா. "நாய் தொரத்துனா நான்கூட ஓடுவேன்."

அப்பா தலையைச் சொறிந்தார். "மார்க்கெட்ல எல்லாரும் டாக்டருக்குப் படிக்க வைங்காவ. இவ இப்பிடிச் சொல்லுதா. எனக்கு ஒண்ணும் ஓடலம்மா. நீங்க தலைவி, நீங்க சொல்லுங்க."

நான் எடுத்துச் சொல்லியிருக்கலாம். ஒரு ஆள் குறைகிறது, எங்கள் நிலைமை இதுதான், பிள்ளை விரும்பினால் உதவுங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்டு அவர்கள் மறுத்திருந்தால் அதோடு போயிருக்கும். அதற்குள் அந்த அம்மா சொன்னாள்: "யக்கா, நமக்குள்ள எதுக்கு ரோசனை? சாமிகிட்ட கேட்டுருவோம். உங்க கையாலயே பூக்கட்டி வைங்க. உங்க மொகத்தைப் பாத்தாலே கோயிலுக்குப் போற மொகமா இருக்கு."

எங்கள் பக்கத்தில் பொண்ணு பார்த்தால், வீடு மாற்றினால், ஆபரேஷன் செய்யலாமா வேண்டாமா என்று குழம்பினால், பூக்கட்டிப் பார்ப்பது உண்டு. ஒரு தாளில் சிவப்புப் பூ, இன்னொரு தாளில் வெள்ளைப் பூ வைத்து ஒரே மாதிரிப் பொட்டலமாக மடித்து சாமி முன்னால் போடவேண்டும். எந்த நிறத்துக்கு எந்தக் காரியம் என்று முதலிலேயே நினைத்துக்கொள்ள வேண்டும். கும்பிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வந்தது உத்தரவு. மற்றதைப் பிரித்துப் பார்க்கக்கூடாது, ஓடுகிற தண்ணீரில் போட்டுவிட வேண்டும். என் கல்யாணமே அப்படிப் பார்த்து முடிவானதுதான்.

பள்ளிச் சுவரை ஒட்டி ஒரு பிள்ளையார் இருக்கிறார். பக்கத்திலேயே செவ்வரளியும் நந்தியாவட்டையும் நிற்கின்றன. சிவப்பு வந்தால் முதல் குரூப், வெள்ளை வந்தால் வரலாறு என்று நான்தான் சொன்னேன். அவர்கள் மூவரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடி நின்றார்கள். நான் செடிப்பக்கம் போனேன். நோட்டீஸ் தாள் ஒன்றை இரண்டாகக் கிழித்தேன். செவ்வரளியைப் பறித்து ஒன்றில் வைத்து மடித்தேன். நந்தியாவட்டைக்குக் கையை நீட்டினேன். நீட்டின கை திரும்பி மறுபடியும் செவ்வரளிக்கே போனது.

பிசாசு பிடித்தது என்று சொல்லமாட்டேன். நான்தான் பறித்தேன். தெரிந்தே பறித்தேன்.

அந்தப் பிள்ளையே குனிந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தாள். பார்த்துவிட்டு விரலை மூடிக்கொண்டாள். அம்மா கையைப் பிடித்து விரித்துப் பார்த்து, மழைக்குள் நின்று குலவை போட்டாள். அப்பா பிள்ளையாருக்கு முன்னால் அந்தச் சேற்றில் விழுந்து கும்பிட்டார். பிள்ளை என்னைப் பார்த்து, "சரிக்கா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் மற்ற பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டு அவளை ஆபீசுக்குக் கூட்டிப் போனேன். தலைமையாசிரியை எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போகும்போது சிற்றாற்றுப் பாலத்தில் நின்று பொட்டலத்தைப் போட்டேன். தண்ணீரில் விழுந்ததும் தாள் பிரிந்து பூ தனியாக மிதந்தது. தண்ணீர் வேகமாக ஓடியும் அது கரையோரம் ஒரு வேரில் சிக்கி அங்கேயே நின்றது. பாலத்தில் போகிறவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று எனக்குப் பதறியது. பாலத்தில் போகிறவர்களுக்கு ஆற்றில் கிடக்கிற ஒரு பூவைப் பற்றி என்ன தெரியும்!

பிரிவு தொடங்கியது. என் மகளும் அவளும் ஒரே வகுப்பு. சாயங்காலப் பயிற்சி வகுப்புக்குப் பிள்ளைகள் பசியோடு இருப்பார்களே என்று பெற்றோர் குழுவில் முறை வைத்துச் சுண்டல் கொண்டுபோவோம். என் முறை வரும்போதெல்லாம் அவளைப் பார்ப்பேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். அந்த நேரத்தில்தான் மைதானத்தில் மற்ற பிள்ளைகள் ஓடுவார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. திரும்பிப் பார்த்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

விளையாட்டு சார் ஒருநாள் என்னை மறித்தார். "அம்மா, மாவட்டப் போட்டிக்கு அந்தப் பிள்ளை ஒண்ணுதான் எனக்கு நம்பிக்கை. வாரத்துல ரெண்டு நாளாவது விடச் சொல்லுங்களேன். அவங்க அம்மா, சாமி உத்தரவு இதுல இருக்குன்னு சொல்லி அனுப்ப மாட்டேங்காவ." கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்கவில்லை.

காலாண்டுத் தேர்வில் அவள் இரண்டு பாடத்தில் தவறிவிட்டாள். தலைமையாசிரியை அவள் அம்மாவைக் கூப்பிட்டு, இப்போதே குரூப் மாற்றிக்கொள்ளலாம், தாமதமானால் முடியாது என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மா நேராக எங்கள் பழக்கடைக்கு வந்துவிட்டாள். இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள்.

"யக்கா, டீச்சர் மாத்துங்காவ. இவளும் ராப்பகலா அழுதா. சாமி குடுத்ததை நாம மாத்தலாமா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

அன்று நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை மறுநாளே வரலாறு வகுப்பில் உட்கார்ந்திருப்பாள். பிரிவுக்கும் ஒன்றும் ஆகியிருக்காது, தொடங்கிய வகுப்பை நிறுத்தமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சொன்னால் என் முகத்தில் யார் விழிப்பார்கள் என்றுதான் நினைத்தேன். "கொஞ்சம் பொறுத்துப் பாருங்க மதினி" என்றேன். அவள் என் வாயிலிருந்து வந்ததையும் உத்தரவாகவே எடுத்துக்கொண்டாள். போகும்போது என் வீட்டுக்காரர் கொடுத்த பழத்தை மடியில் கட்டிக்கொண்டு, பிள்ளைக்குக் கொடுக்கிறேன் என்று சொல்லிப் போனாள்.

பூவை மாற்றினதைவிட இதுதான் பெரிய பாவம். பூவை மாற்றினது ஒரு நிமிடம். இதை நான் நின்று யோசித்துச் செய்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. விடியற்காலையில் வாசல் தெளிக்கப் போகும்போது ரோட்டில் யாரோ ஓடுகிற சத்தம். வெறுங்கால், ஒரே சீராக வரும். நான் வாளியை வைத்துவிட்டுப் பார்ப்பேன். நனைந்த ரோடு மட்டும் இருக்கும். "யாரும்மா?" என்று உள்ளே இருந்து மகள் கேட்பாள். "யாருமில்லட்டி" என்பேன். சீசனில் அருவிக்கு நடந்து போகிறவர்கள் உண்டு, அவர்கள் காலடியாக இருக்கும் என்று சமாதானம் செய்துகொள்வேன். சீசன் முடிந்த பிறகும் கேட்டது. பண்பொழி மலை முருகனுக்கு வேண்டிக்கொண்டு படியேறினேன். படியேறும்போது பின்னாலேயும் கேட்டது.

கோயிலில் செவ்வரளி மாலை சாத்தியிருந்தால் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியாது. பிரசாதமாகப் பூக் கொடுக்கும்போது கையை நீட்டாமல் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். ஐயர் ஒருநாள், "என்னம்மா, பூ வேண்டாமா?" என்று கேட்டார். கையில் எண்ணெய் என்று கோயிலிலேயே பொய் சொன்னேன்.

இரண்டு வருடம் ஓடிவிட்டது. என் மகளுக்குப் பாளையங்கோட்டையில் நர்ஸிங் சீட்டுக் கிடைத்தது. அவளை விடுதியில் விட்டுவிட்டு வரும்போது பஸ்ஸில் அழுதேன். என் வீட்டுக்காரர் மகளைப் பிரிந்தது தாங்காமல் அழுகிறேன் என்று நினைத்துத் தோளைத் தட்டினார். அந்தப் பிள்ளை இயற்பியலிலும் கணக்கிலும் தவறி, துணைத்தேர்வு எழுதி, கரையேறினாள். மார்க்கும் இல்லை, போட்டிச் சான்றிதழும் இல்லை. தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். தெரியாமல் ஒருநாள் அந்தக் கடைக்கே ரவிக்கைத் துணி எடுக்கப் போய்விட்டேன். மாடியிலிருந்து அவள் துணியோடு இறங்கி வந்தாள். ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அவசரமே தெரியாத ஆளைப் போல இறங்கினாள். "வாங்கக்கா, நல்லா இருக்கியளா?" என்று கேட்டாள். பார்த்த முதல் துணியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதை இன்னும் தைக்கக் கொடுக்கவில்லை.

இந்த வருடச் சேர்க்கைக்கும் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். இப்போது நான் தலைவி இல்லை. இருந்தாலும் பழைய பெற்றோர் யாராவது வாசலில் நின்றால்தான் புதியவர்களுக்குப் பயம் போகும் என்றார். போனேன். பத்து மணி இருக்கும். "யக்கோவ்!" என்று சத்தம் கேட்டது. அதே அம்மா. கூடவே இளைய மகள், பத்தாவது முடித்தவள். அவர்களுக்குப் பின்னால் ஜவுளிக்கடைச் சீருடைச் சேலையோடு மூத்தவள். ஒருமணி நேரம் அனுமதி கேட்டு வந்திருக்கிறாள்.

"இவளுக்கும் நீங்கதான் பூக்கட்டணும். வேற யாரு கட்டுனாலும் எனக்கு மனசு ஒப்பாது" என்றாள் அம்மா.

"நான் கட்டமாட்டேன் மதினி."

"ஏன்க்கா, தீட்டா? அப்பிடின்னாச் சொல்லுங்க, மூணு நாள் கழிச்சு வாரோம். சாமி எங்கயும் போயிராது."

என் கையில் சந்தனம் அப்படியே காய்ந்துகொண்டிருந்தது. அவர்களைப் பிள்ளையார் பக்கம் கூட்டிப் போனேன். மற்றக் குடும்பங்கள் வந்துகொண்டிருந்தன, மேசையில் யாருமில்லை, அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை. "அன்னைக்கு நான் வெள்ளை வைக்கவே இல்ல மதினி. ரெண்டு பொட்டலத்திலயும் செவப்புதான் வச்சேன். எம்மக வகுப்பு நடக்கணும்னு வச்சேன். சாமி ஒண்ணும் சொல்லல. சொன்னது நான்" என்றேன்.

அந்த அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "என்னக்கா நீங்க! உங்களை ரெண்டும் செவப்பு வைக்க வச்சது யாரு? அந்தச் சாமிதான? அவரு நெனைக்காம உங்க கை அந்தச் செடிக்குப் போயிருக்குமா?" என்றாள். என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "சாமிதான். நீங்க மனசைப் போட்டுக் குழப்பாதீங்க. சாமிதான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளுக்கு அது சாமியாகத்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மகள் அழுத இரண்டு வருடத்தை அவள் எங்கே கொண்டுபோய் வைப்பாள்? அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மூத்தவள் முன்னால் வந்தாள். அம்மாவின் கையிலிருந்த விண்ணப்பத்தை எடுத்தாள். தன் பையிலிருந்து பேனாவை எடுத்துத் தங்கைக்குக் கொடுத்தாள்.

"உனக்கு என்ன படிக்கணும்?"

தங்கை அம்மாவைப் பார்த்தாள்.

"அங்கன பாக்காதட்டி. என்னைப் பாரு. உனக்கு என்ன படிக்கணும்?"

"கம்ப்யூட்டர்" என்றாள் சின்னவள், யாருக்கும் கேட்காத மாதிரி.

"எழுது. நீயே எழுது."

சின்னவள் சுவரில் தாளை வைத்து எழுதினாள். தாளின் மேல் முனை காற்றில் பறக்காதபடி மூத்தவள் விரலால் அழுத்திக்கொண்டு நின்றாள். எழுதி முடித்ததும் வாங்கிப் பார்த்து, மடிக்காமல் தங்கையிடமே கொடுத்து, ஆபீசுக்குப் போகச் சொன்னாள். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சின்னவள் பின்னால் போனாள்.

நாங்கள் இருவர் மட்டும் நின்றோம். மன்னிச்சிரு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"உங்க மக எப்பிடிக்கா இருக்கா? ஹாஸ்டல் பிடிச்சிருக்கா அவளுக்கு?"

"நல்லா இருக்கா" என்றேன்.

"நல்லா இருக்கட்டும்" என்றாள். கடைக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டாள். ரோட்டில் பஸ் வந்து நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் விசில் ஊதினார். நான் நின்ற இடத்திலிருந்து எல்லாம் தெரிந்தது. அவள் ஓடியிருந்தால் பிடித்திருக்கலாம். நடந்தே போனாள். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு நிழல் பார்த்து நின்றாள்.

இப்போதும் தினமும் விளக்கேற்றுகிறேன். கும்பிடுகிறேன். மகளுக்காக ஒன்றும் கேட்பதில்லை. கேட்க வாயெடுத்தால் அந்தப் பிள்ளை சொன்ன 'நல்லா இருக்கட்டும்' என்ற இரண்டு வார்த்தைதான் முன்னால் வந்து நிற்கிறது. அது வாழ்த்தா, வேறு ஏதாவதா என்று நானும் சாமியிடம் கேட்கவில்லை.